அப்பத்தாவின் ஒற்றைப் பவுன்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. செமஸ்டர் பரீட்சை முடிந்துவிட்டது, இன்றைக்கு உட்கார்ந்தாகிவிட்டது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு தங்கக் காசு இருக்கிறது. அப்பத்தாவுடையது. கல்யாணத்தின்போது அவர் பவுன் காசு கோத்த ஒரு மாலை போட்டுக்கொண்டு வந்தாராம். கிணறு வெட்ட இரண்டு காசு, அத்தை கல்யாணத்துக்கு மூன்று, ஐயாவின் வைத்தியத்துக்கு ஒன்று என்று அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தபோது மேலும் இரண்டு போனது. கடைசியில் மிஞ்சியது இந்த ஒன்று. மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார்.

நான் பி.காம். கடைசி வருஷம். முடித்ததும் சி.ஏ. இன்டர் கோச்சிங்குக்குத் திருச்சியில் சேர வேண்டும் என்று ஆசை. ஃபீஸைக் கேட்டதும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா பேசாமல் இருந்தால் கையில் காசு இல்லை என்று அர்த்தம். அன்று ராத்திரி அப்பத்தா துணியை அவிழ்த்து அந்தக் காசை என் கையில் வைத்தார்.

"இந்தாடா, இத வித்துப் படிச்சுக்க. இந்த வயசுல நான் போட்டுக்கிட்டாத் திரியப் போறேன்?"

வாங்கிக்கொண்டேன். ஆனால் காமர்ஸ் படிக்கிறவன் ஆயிற்றே, விலை தெரியாமல் எதையும் விற்கக் கூடாது அல்லவா! ஒரு பக்கம் குதிரை மேல் ஒருவர், கீழே பாம்பு மாதிரி ஏதோ ஒன்று, 1918 என்று வருஷம். மறுபக்கம் தாடி வைத்த ஒரு ராஜா. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. "இந்தக் காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி" என்று மொபைலில் வரும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் மனசுக்குள் லட்சங்கள் ஓட ஆரம்பித்தன.

இந்த இடத்தில் நான் இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு, ஒரு வீடியோவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டது. போட்டோ அனுப்பச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, பெரிய தொகை கிடைக்கும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றார்கள். நல்ல வேளை, கையில் கட்டப் பணம் இல்லை! பிறகுதான் தெரிந்தது, ரிசர்வ் பேங்க் பெயரையும் முத்திரையையும் காட்டிப் பழைய நோட்டு, காசு வாங்குகிறோம் விற்கிறோம் என்று கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் பேங்க் எச்சரித்திருக்கிறது. விற்க வந்தவனிடமே பணம் கேட்பவன் வாங்குகிறவன் இல்லை. இதற்கு பி.காம். படிக்க வேண்டியதுகூட இல்லை.

இரண்டாவது தப்புதான் பெரியது. போட்டோவில் நன்றாகத் தெரியட்டும் என்று காசைப் பழைய பிரஷ்ஷில் டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். பளபள என்று ஆனது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

அடுத்து டவுனில் ஒரு நகைக் கடைக்குப் போனேன். அங்கே எடை போட்டார்கள், மாற்றுப் பார்த்தார்கள், 22 கேரட் பழைய தங்கம், இன்றைய ரேட்டில் இவ்வளவு என்று கால்குலேட்டரைக் காட்டினார்கள். வருஷத்தையோ படத்தையோ யாரும் பார்க்கவில்லை. அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது காசு இல்லை, வெறும் தங்கம். நாளைக்கு அது உருகி யாருடைய கம்மலாகவோ ஆகியிருக்கும். "யோசிச்சுட்டு வர்றேண்ணே" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

என் கூடப் படிக்கும் நண்பனின் பெரியப்பா ஒருவர் புதுக்கோட்டையில் இருக்கிறார். ஓய்வு பெற்ற வாத்தியார். நாற்பது வருஷமாகக் காசு சேர்க்கிறார். அவரிடம் கொண்டு போனேன். காசைக் கையில் வாங்கும்போதே விளிம்பை மட்டும் பிடித்து வாங்கினார். லென்ஸை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, இத யாரு தேச்சா?"

"நான்தான் சார்."

"எதுக்குப்பா?"

பதில் சொல்ல முடியவில்லை. லென்ஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ராஜாவின் கன்னத்தில் மயிரிழை மயிரிழையாக நூற்றுக்கணக்கான கீறல்கள். ஒரே திசையில், பிரஷ் போன வழியில். நூறு வருஷத்தில் படாத காயத்தை நான் ஐந்து நிமிஷத்தில் போட்டிருக்கிறேன். கைபட்டுக் கைபட்டுத் தேய்வது வேறு, வேண்டுமென்றே தேய்ப்பது வேறு, இரண்டும் லென்ஸில் தனித்தனியாகத் தெரியும் என்றார். பழைய காசு கையில் கிடைத்தால் புளி, சாம்பல், எலுமிச்சை, பேஸ்ட் எதுவும் போடாதீர்கள். இந்தப் பதிவில் வேறு எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

அன்று மத்தியானம் முழுக்க அவர் சொல்லிக் கொடுத்ததைக் கீழே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, காசு நிஜமா? என் காசின் பெயர் சாவரின். நாம் "சவரன்" என்கிறோமே, அது இந்தப் பெயர்தான். "பவுன்" என்பதும் பவுண்டு என்பதிலிருந்து வந்தது. ஒரு சாவரின் என்றால் ஒரு பவுண்டு. இதன் முறையான எடை 7.988 கிராம், குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர், 22 கேரட். சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம். ஒரு பவுன் 8 கிராம் என்று நாம் கணக்கு வைத்திருப்பது இந்தக் காசின் எடையை முழுசாக்கித்தான்.

சார் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தார். 7.92 காட்டியது. பிறகு காசை நூலில் கட்டி ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். 0.45 கிராம். 7.92-ஐ 0.45-ஆல் வகுத்தால் 17.6. 22 கேரட் தங்கத்தின் அடர்த்தி ஏறக்குறைய 17.7, ஆக நல்ல தங்கம். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடிஸ் இதற்கெல்லாம் உதவுவார் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் அடர்த்தி சரியாக இருந்தால் மட்டும் போதாதாம். நல்ல தங்கத்திலேயே போலிக் காசு அடிக்கிறவர்களும் உண்டு. அதனால் எழுத்து, விளிம்பின் வரி, படத்தின் கூர்மை எல்லாம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அரிதா? இங்கேதான் நான் ஏமாந்தேன். பழசு என்றால் அரிது என்று நினைத்திருந்தேன். நம்ம ஊர் அம்மன் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் அடித்த செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்று இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்குக் கொடுப்பார்களாம். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. பழைய காசுதான், நமக்குப் பெருமையான காசுதான். ஆனால் ஏராளமாகப் புழங்கியதால் இன்றும் நிறையக் கிடைக்கிறது, விலை பெரிதாக இல்லை.

சரி, குறைவாக அடித்தால் அரிதா? அதுவும் முழுக்கச் சரியில்லை. 1819-ல் சாவரின் அடித்தது வெறும் 3,574. அது அரிது, சரி. ஆனால் 1917-ல் லண்டனில் பத்து லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், அதுவும் இன்றைக்கு அரிதான காசு. காரணம், முதல் உலகப் போர்க் காலத்தில் பெரும்பகுதி நாட்டை விட்டுப் போய் உருகிவிட்டது. அதனால்தான் அந்த வருஷக் காசில் போலியும் ஜாஸ்தி.

எகனாமிக்ஸ் வகுப்பில் சப்ளை, டிமாண்ட் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன். காசைப் பொறுத்தவரை சப்ளை என்பது அடித்த கணக்கு இல்லை, மிஞ்சிய கணக்கு. அதுவும் தெரிந்தவரைக்கும் மிஞ்சிய கணக்கு. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு கலயத்தில் 505 தங்கக் காசு, மொத்தம் 1.716 கிலோ கிடைத்தது நினைவிருக்கிறதா? இப்படி ஒரு பானை திறந்தால் நேற்றுவரை அரிதாக இருந்த ஒரு காசு நாளைக்கு அரிதாக இல்லாமல் போகலாம்.

எங்கள் காசுக்கு வருவோம். சார் லென்ஸில் குதிரையின் காலுக்குக் கீழே, வருஷத்துக்கு நேர் மேலே இருக்கும் தரைக்கோட்டைக் காட்டினார். கோட்டின் மேல் பொடியாக ஒரு ஆங்கில "ஐ" எழுத்து. இந்தியா என்பதற்கான அடையாளம். 1918-ல் பம்பாயில் அடித்த சாவரின்! போர்க்காலத்தில் லண்டன் நாணயச்சாலையின் கிளை ஒன்றைப் பம்பாயில் திறந்து, அடுத்த வருஷமே மூடிவிட்டார்கள். எனக்கு மறுபடியும் லட்சங்கள் ஓட ஆரம்பித்தன. "அவசரப்படாதீங்க தம்பி, சுமார் 13 லட்சம் காசு அடிச்சிருக்கான், நெறையா மிஞ்சியும் இருக்கு" என்று சார் சிரித்தார்.

மூன்றாவது கேள்வி, நிலைமை எப்படி? சேகரிப்பவர்கள் இதற்கு ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று படி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை மார்க் போடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க அதை வைத்துத்தான் கிரேடு போடுகிறார்கள். காசில் மேடான இடம்தான் முதலில் தேயும். இந்தக் காசில் ராஜாவின் புருவம், காதுக்கு மேல் முடி, மறுபக்கம் வீரரின் தலைக்கவசம், குதிரையின் நெஞ்சு. அங்கெல்லாம் வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பளபளப்பைப் பார்க்கக் கூடாது.

எங்கள் காசில் முடி பாதி மழுங்கியிருந்தது. அது பரவாயில்லை. என் பேஸ்ட் கீறல்கள் இருந்தன. அது பரவாயில்லை இல்லை. அதற்கும் மேல், ராஜாவின் தலைக்கு மேலே விளிம்பில் ஒரு தழும்பு. மாலையில் கோக்க பத்தர் வளையம் வைத்துப் பற்றவைத்த இடம். வளையத்தை எடுத்த பிறகும் அந்த மேடு மட்டும் நிற்கிறது. நகையாகக் கிடந்த காசு என்றால் சேகரிப்பவர்கள் பாதி மனசோடுதான் பார்ப்பார்களாம். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய பவுன் காசுகளில் இந்தத் தழும்பு சகஜம். நாம் காசைக் கழுத்தில்தானே சேமித்தோம்.

ஆக மொத்தம் தீர்ப்பு: நிஜம். ஓரளவு சுவாரசியமான காசு. அரிது இல்லை. நிலைமை சுமார். தங்க விலைக்கு மேல் கொஞ்சம் கிடைத்தால் பெரிய விஷயம்.

என் முகம் போன போக்கைப் பார்த்து சார் டீ வரவழைத்தார். அப்புறம் கேட்டார், "கருக்காக்குறிச்சி தெரியுமா?"

தெரியாமல் என்ன? எங்கள் ஊர்ப் பக்கம்தான். பஸ்ஸில் எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். 1898-ல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை கிடைத்ததும் அதில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் இருந்ததும் எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் நாணயப் பிரிவில் இருந்த ஜி.எஃப்.ஹில் அதே வருஷம் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பேசியன் காலம் வரையிலான காசுகள், அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவை. ஆரியுஸ் என்று பெயர். அகஸ்டஸ் கால ஆரியுஸ் ஒன்று ஏறக்குறைய 7.8 கிராம். கிட்டத்தட்ட நம்ம பவுன்! தேய்மானம் போக வைத்துக்கொண்டாலும் அந்தப் பானையில் 450 பவுனுக்குக் குறையாது என்பது என் தோராயக் கணக்கு. மிளகுக்காக ரோமிலிருந்து இங்கே பொன் வந்த கதையை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பொன் எங்கள் பஸ் ரூட்டில் புதைந்து கிடந்திருக்கிறது.

சார் சொல்ல வந்தது இது இல்லை. அந்தக் காசுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் சக்கரவர்த்தியின் தலையின் மேல் குறுக்காக உளியால் ஒரு வெட்டு இருக்கிறது. ஒன்று இரண்டில் இல்லை, நூற்றுக்கணக்கில்! ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. தேய்ந்து எடை குறைந்த காசு இனிமேல் காசாக ஓடக் கூடாது, தங்கமாக மட்டும் கை மாறட்டும் என்று வெட்டியிருக்கலாம். உள்ளேயும் தங்கம்தானா என்று பார்க்க வெட்டியிருக்கலாம். அந்நிய ராஜாவின் முகம் இங்கே செல்லாது என்று காட்ட வெட்டியிருக்கலாம்.

கிரேடு போடுகிறவரிடம் கொடுத்தால் அந்த வெட்டு ஒரு பழுது. மார்க் குறையும். ஆனால் உலகத்தில் எத்தனையோ இடத்தில் ரோமானியத் தங்கம் இருக்க, புதுக்கோட்டைப் புதையல் என்று இதைத் தனியாகப் பேச வைப்பதே அந்த வெட்டுதான். முழுசாக இருக்கும் காசு ரோமைப் பற்றிச் சொல்லும். வெட்டுப்பட்ட காசு நம்ம ஊரைப் பற்றிச் சொல்லும். வெட்டிய கை எங்கோ நம் பக்கத்துக் கையாகத்தானே இருந்திருக்கும்!

இன்னொரு விஷயமும் சொன்னார். இங்கிலாந்தில் 1870-ல் வந்த நாணயச் சட்டப்படி சாவரினுக்குக் குறைந்தபட்ச எடை உண்டு, சுமார் 7.94 கிராம். அதற்குக் கீழே தேய்ந்த தங்கக் காசை யாராவது நீட்டினால், வாங்குகிறவர் அதை வெட்டியோ உடைத்தோ சிதைத்தோ விட வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. எங்கள் காசு 7.92. அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு கவுண்டரில் நீட்டியிருந்தால் எங்கள் தாடிக்கார ராஜாவும் வெட்டுப்பட்டிருப்பார். கருக்காக்குறிச்சிப் பானைக்கும் அரிசிப் பானைக்கும் நடுவில் ஏதோ ஒரு கோடு ஓடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

(இடையில் ஒரு தகவல். யாராவது தோட்டத்தில் குழி தோண்டும்போது இப்படிப் பானை கிடைத்தால் பேசாமல் வீட்டுக்குக் கொண்டு போய்விடாதீர்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தில் கண்டெடுத்தவருக்கும் பங்கு உண்டு.)

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அப்பத்தா திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வெல சொன்னான்?"

நடந்ததைச் சொன்னேன். பேஸ்ட் போட்டதை மட்டும் மெதுவாகச் சொன்னேன். அப்புறம், வளையம் வைத்த தழும்பு இருப்பதால்தான் மதிப்புக் கம்மி அப்பத்தா என்றேன். பூவை வைத்துவிட்டுக் கையை நீட்டிக் காசை வாங்கினார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. கட்டை விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிக்கொண்டே போய் அந்த மேட்டில் நிறுத்தினார்.

"இது இருந்தாத்தாண்டா இது நம்ம காசு. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டா எனக்கு எப்புடித் தெரியும்?"

நான் ஒன்றும் பேசவில்லை. ஷெல்டன் 70 மார்க் வரை போட்டாரே, இதற்கு எதில் மார்க் போடுவது என்று மட்டும் தோன்றியது.

காசை விற்றாயா என்று கேட்பீர்கள். இன்னும் விற்கவில்லை. கோச்சிங்கில் பேசி ஃபீஸை இரண்டு தவணையாக்கினேன். முதல் தவணைக்கு அப்பா தேங்காய் போட்ட பணத்தைத் தந்தார். கீரமங்கலத்தில் ஒரு பூக் கமிஷன் மண்டியில் சாயங்காலம் கணக்கு எழுதப் போகிறேன், கொஞ்சம் சேர்கிறது. இரண்டாவது தவணை தை மாசம். அதற்குள் சேராவிட்டால் விற்கத்தான் வேண்டும். அப்பத்தா அதற்காகத்தான் கொடுத்தார், வீம்புக்கு வைத்துக்கொண்டு படிப்பை விட்டால் அவருக்கே பிடிக்காது.

ஆனால் விற்றாலும் இனிமேல் தெரிந்துகொண்டு விற்பேன். எடை எவ்வளவு, எந்த ஊரில் அடித்தது, எது தேய்மானம், எது நான் போட்ட கீறல், எது என் அப்பத்தாவின் கழுத்தில் கிடந்த அடையாளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விற்பேன். உருக்குகிறவரிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறவரிடம் கொடுப்பேன். விலை கொஞ்சம் குறைந்தாலும் சரி. காஸ்ட் அக்கவுண்டிங் சார் இதைப் படித்தால் திட்டுவார், பரவாயில்லை :)

உங்கள் வீட்டு அரிசிப் பானையிலோ டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஒரு காசு இருந்தால் இன்று ராத்திரி எடுத்துப் பாருங்கள். விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். தேய்க்காதீர்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருஷமும் எடையும் காசிலேயே இருக்கும், பிறகும் பார்த்துக்கொள்ளலாம். இதை அவர்களிடம்தான் கேட்க முடியும்.